பென்குயினா, ஜன்னலா, அப்பிளா? ஓ.எஸ். சண்டைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருகோணமலை டச் பே கடற்கரையில் ஞாயிறு பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு, நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். கடலை வாங்கிக் கொறிப்போம், பிளேன்ரீ குடிப்போம், பிறகு சண்டை பிடிப்போம். சண்டை எப்போதும் ஒரே விசயத்துக்குத்தான்: எந்த ஓ.எஸ். நல்லது? கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான் ஓ.எஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள். இந்தியாவில் எழுதுபவர்கள் இயங்குதளம் என்பார்கள். கடற்கரையில் ஓ.எஸ். தான்.

பிரதான வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணா விண்டோஸ் பக்கம். உவர்மலையில் இருந்து வரும் ரீச்சர் அக்கா மக் பக்கம். கிண்ணியாவில் கணனி திருத்தும் நானா டெபியன் லினக்ஸ். நான் லினக்ஸ் மின்ட். லினக்ஸின் சின்னம் பென்குயின்.

"தம்பி, உன்ர பென்குயின் எப்ப போட்டோஷொப் ஓட்டும்?" என்று அண்ணா தொடங்குவார்.

"போட்டோஷொப் ஓடாதுதான். ஆனா பதினைஞ்சு வருசத்துக் கணனி ஓடும். உங்கட புதுசு அதில ஏறுமா?" என்று நானா திருப்புவார்.

"சார்ஜர் கொண்டு வராம வந்திருக்கிற ஆள் நான் மட்டும்தான், பாத்தீங்களோ?" என்று அக்கா தன் மக்புக்கைத் திறப்பார்.

வருடக்கணக்காக இது நடக்கிறது. ஒருவர் வீட்டு விசேசத்துக்கு மற்றவர் போகாமல் இருந்ததில்லை.

இப்போது புதிதாக ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். கோணேசபுரிக் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள், சாதாரண தரத்துக்கு ஐ.சி.ரி. எடுத்த தம்பிமார், கடை வைத்திருப்பவர்கள். காரணம் விண்டோஸ் 10. மைக்ரோசொப்ட் 2015 ஜூலையில் வெளியிட்ட அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. "அண்ணா, என்ர லப்டொப்புக்கு விண்டோஸ் 11 ஏறாதாம். எறியிறதா?" என்று கேட்கிறார்கள். எறிய வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டி.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிர்ப்பக்கத்து ஓ.எஸ்ஸை ஒரு மாதம் பாவித்துப் பார்க்காமல் அதைக் குறை சொல்லக் கூடாது. நானா விண்டோஸில் ஒரு மாதம் இருந்தார். அண்ணா மின்டில் ஒரு மாதம் இருந்தார். நான் அக்காவின் பழைய மக்புக்கை இரவல் வாங்கி ஒரு மாதம் அதில்தான் வேலை செய்தேன். அந்த ஒரு மாதத்தைத் தரவுகளை இழக்காமல், காசு செலவழிக்காமல் எப்படிக் கழிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

யார் யார் களத்தில்

மக்கின்டொஷ் 1984 ஜனவரியில் வந்தது. விண்டோஸின் முதல் பதிப்பு 1985 நவம்பரில். லினக்ஸ் 1991இல், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது. கண்டிப்பாகச் சொன்னால் லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். புரொசசர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றோடும் நேரே கதைக்கும் உள்பகுதி அது. அதைச் சுற்றித் திரை, மெனு, செயலிகள் எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவதை டிஸ்ட்ரோ என்கிறோம். டெபியன் 1993இல் தொடங்கியது. அதில் இருந்து 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவில் இருந்து 2006இல் மின்ட் வந்தது. அதனால்தான் நானா என்னைப் "பேரப்பிள்ளை" என்று கூப்பிடுவார்.

இன்றைய மக்கும் லினக்ஸும் சொந்தக்காரர். இரண்டும் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற ஓ.எஸ்ஸின் வழியில் வந்தவை. மக் நேரடி இரத்த உறவு. லினக்ஸ் யூனிக்ஸைப் பார்த்துப் பார்த்துத் தானாக வளர்ந்த பிள்ளை. உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனின் கெர்னலும் லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணனிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருங்கள், சண்டையில் உதவும். ஆனால் சூப்பர் கணனியில் ஓடுவதால் உங்கள் வீட்டுப் பிரின்டர் வேலை செய்யும் என்று ஆகிவிடாது. அண்ணா அதை உடனே கேட்பார்.

எங்களுக்கெல்லாம் முன்மாதிரியான ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1992 ஜனவரி. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த அன்ட்ரூ டனன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று எல்லோரும் பார்க்க எழுதினார். எல்லாவற்றையும் ஒரே பெரிய கெர்னலுக்குள் அடைப்பது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது போன்றது என்பது அவர் வாதம். கெர்னல் சிறியதாக இருக்க வேண்டும், மற்றவை வெளியே தனித்தனியாக ஓட வேண்டும் என்றார். டோர்வால்ட்ஸுக்கு அப்போது 22 வயது. அவர் ஓ.எஸ். என்றால் என்னவென்று கற்றதே டனன்பாம் எழுதிய பாடநூலிலும், அவர் உருவாக்கிய மினிக்ஸ் என்ற சிறிய ஓ.எஸ்ஸிலும்தான். ஆசிரியர் ஸ்தானத்தில் இருப்பவர் இப்படிச் சொன்னதும் பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. சூடாகப் பதில் எழுதினார். பிறகு தன் தொனிக்கு மன்னிப்பும் கேட்டார். ஆனால் கருத்தை மாற்றவில்லை. நீ என் மாணவனாக இல்லாமல் போனது உனக்கு நல்லது, இந்த வடிவமைப்புக்கு நல்ல புள்ளி கிடைத்திராது என்கிற பொருளில் பேராசிரியரும் எழுதினார்.

இனித்தான் நான் புதியவர்கள் எல்லோருக்கும் சொல்லும் பகுதி. 2004இல் வேறொருவர், டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தானாக எழுதியிருக்க முடியாது, மினிக்ஸில் இருந்து எடுத்திருப்பார் என்று கிளப்பினார். அதை மறுத்து, அந்தப் பையன் தானாகத்தான் எழுதினான் என்று வெளிப்படையாக எழுதியவர் டனன்பாம். பெரிய கெர்னல் பிழை என்ற தன் கருத்தில் இருந்து அவர் அப்போதும் இறங்கவில்லை. கருத்தில் ஓர் அடி இறங்காமல், ஆளை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். கடற்கரையில் யாராவது குரலை உயர்த்தினால் நானா "டனன்பாம், டனன்பாம்" என்பார். எல்லோரும் அடங்கிவிடுவோம்.

முதலில் உங்கள் மெஷினைப் பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபவுட். இரண்டு விசயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: புரொசசரின் பெயர், ரேம் எவ்வளவு.

இன்டெல் புரொசசரின் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் முதல் ஓரிரு இலக்கம்தான் அதன் தலைமுறை. ஐ5-7200யு என்றால் 7ஆம் தலைமுறை. ஐ5-10210யு என்றால் 10ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 பெரும்பாலும் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் ஏற்றுக்கொள்ளும். அதோடு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் எல்லாம் கேட்கும். 4 ஜிபி என்பது ஏறுவதற்கு வேண்டிய அளவு. வசதியாக வேலை செய்ய 8 ஜிபி வேண்டும்.

லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். வசதிக்கு 4 ஜிபி ரேம், 100 ஜிபி இடம் என்று அவர்களே சொல்கிறார்கள். 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவு என்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலேசான பதிப்பை எடுங்கள், அதற்கு மேல் என்றால் சினமன் பதிப்பை. மிகப் பழைய 32 பிட் கணனி வைத்திருப்பவர்கள் நேரே நானாவைப் போன்ற ஒருவரிடம் போவதே நல்லது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 கூட 32 பிட் கணனிகளுக்கான நிறுவியை, அதாவது ஓ.எஸ்ஸைக் கணனியில் போடும் மென்பொருளை, விட்டுவிட்டது.

மக் ஓ.எஸ்ஸை அப்பிள் கணனி அல்லாத ஒன்றில் போட அப்பிளின் உரிமம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே மக்கைப் பார்க்க வேண்டுமானால் மக் வைத்திருப்பவரோடு சிநேகம் பிடியுங்கள். இன்டெல் சிப் உள்ள பழைய மக்புக் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2025இல் வந்த டஹோ பதிப்புத்தான் இன்டெல் மக்குகளுக்குக் கடைசி என்று அப்பிள் அறிவித்துவிட்டது.

எங்கள் கூட்டத்தில் எல்லாப் பக்கத்தாரும் ஒத்துக்கொள்ளும் விசயம் ஒன்றே ஒன்று உண்டு. உங்கள் லப்டொப்பில் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், ஓ.எஸ்ஸை மாற்ற முன் அதை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், போடுங்கள். எந்த ஓ.எஸ்ஸிலும் அந்த வித்தியாசம் பெரிது. கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை ரேமுக்கு அல்ல, இதற்குச் செலவழியுங்கள் என்பேன்.

பேக்கப்

2013இல், ரீச்சர் அக்கா இல்லை, என் சொந்த அக்காவின் கணனிக்கு லினக்ஸ் போடப் போனேன். மகனின் முதல் வருடப் படங்கள் எல்லாம் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் செருகியபடி இருந்தது. கணனிக்குள் இருந்ததும் 500 ஜிபி, வெளியே இருந்ததும் 500 ஜிபி. நிறுவும் திரையில் இரண்டு பெயர்கள், எஸ்டிஏ, எஸ்டிபி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நான் பிழையானதைத் தெரிவு செய்து "டிஸ்க்கை அழி" என்பதை அழுத்திவிட்டேன். மீட்கும் மென்பொருள் போட்டு இரண்டு இரவு இருந்தேன். பாதிப் படங்கள்தான் வந்தன, அவையும் பெயர் இல்லாமல், திகதி இல்லாமல். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ரீ போட்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆகவே இதில் நான் கண்டிப்பானவன். படங்கள், ஆவணங்கள், பிள்ளைகளின் அசைன்மென்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி செய்யுங்கள். கொப்பி செய்ததை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று நான் ஏற்றுக்கொள்வதில்லை. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். நிறுவி முடியும் வரை வேறு எந்த டிஸ்க்கும் கணனியில் செருகியிருக்கக் கூடாது.

இன்னொன்று பிட்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புதிய விண்டோஸ் கணனிகளில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் அமைப்பை, அதாவது கணனி தொடங்கும் முறையை, தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமித்திருக்கும். முதலே அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். இது இல்லாமல் வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பென் ட்ரைவ் தயாரிப்பது

ஒரு 8 ஜிபி பென் ட்ரைவ் போதும். ஆனால் 32 ஜிபி ஒன்றை வாங்குங்கள் என்பேன், ஏனென்று சொல்கிறேன். மின்டின் ஐ.எஸ்.ஓ. பைல், அதாவது முழு ஓ.எஸ்ஸும் அடங்கிய ஒற்றைப் பைல், 3 ஜிபிக்குக் கிட்ட வரும். இரவுநேர டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு டவுன்லோட் போட்டுவிட்டுப் படுங்கள். இறங்கியதும் அந்தப் பைலின் சரிபார்ப்பு எண்ணை, தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் இணைப்பு அறுந்து அரைகுறையாக இறங்கிய பைலோடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டுவதை விட இது எளிது.

பென் ட்ரைவில் எழுத ரூபஸ், எட்சர், வென்டோய் என்று மூன்று கருவிகள் பிரபலம். மூன்றும் இலவசம், மூன்றும் பென் ட்ரைவில் முன்பு இருந்ததை அழித்துவிடும். என் தெரிவு வென்டோய். ஒருமுறை அதைப் பென் ட்ரைவில் போட்டுவிட்டால், பிறகு ஐ.எஸ்.ஓ. பைல்களைச் சாதாரணமாகக் கொப்பி செய்தாலே போதும். மின்ட், டெபியன், பெடோரா, உபுண்டு எல்லாவற்றையும் ஒரே பென்னில் போடலாம். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று மெனு கேட்கும். எல்லாக் கட்சியும் ஒரே பஸ்ஸில் ஏறி வந்த மாதிரி. 32 ஜிபி சொன்னது அதற்குத்தான்.

பூட் செய்து பார்ப்பது

விண்டோஸை ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி ஷட் டவுன் செய்யுங்கள். சாதாரணமாக மூடினால் அது முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸில் இருந்து அதன் பைல்களைத் திறக்கும்போது தொல்லை வரும். பிறகு பென்னைச் செருகி, பவர் பொத்தானை அழுத்திய கையோடு பூட் மெனுவுக்கான பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்.பி. என்றால் எஃப்9. ஏசுஸ் லப்டொப் என்றால் எஸ்கேப். இன்டெல் மக்புக் என்றால் ஒப்ஷன். வென்டோய் முதல் தடவை நீலத் திரை ஒன்றைக் காட்டி ஒரு சாவியைப் பதியச் சொல்லலாம். அது, தெரியாத மென்பொருளில் இருந்து கணனி தொடங்காமல் காக்கும் செக்கியூர் பூட்டின் கேள்வி, பயப்பட வேண்டாம், திரையில் சொல்லும் ஒழுங்கிலேயே பதியுங்கள்.

ஒன்றிரண்டு நிமிடத்தில் லினக்ஸ் திரை வந்துவிடும். இன்னும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. எல்லாம் பென்னிலும் ரேமிலும்தான் ஓடுகிறது. பென்னில் இருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

ஒரு மணித்தியாலச் சோதனை

பலர் வோல்பேப்பரைப் பார்த்து, மெனுவைத் திறந்து மூடிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். அது போதாது. நீங்கள் தினமும் செய்யும் வேலைகளை அதில் செய்து பாருங்கள்.

வைஃபை பிடிக்கிறதா? சில பழைய லப்டொப்களின் வைஃபை சிப்புக்குத் தனியாக ட்ரைவர் போட வேண்டியிருக்கும். அதை டவுன்லோட் செய்ய இணையம் வேண்டும், இணையத்துக்கு ட்ரைவர் வேண்டும் என்று வட்டமடிப்பீர்கள். அதற்கு வழி, அன்ட்ரொயிட் போனைக் கேபிளால் செருகி யூ.எஸ்.பி. டெதரிங் போட்டு, போனின் இணையத்தைக் கணனிக்குக் கொடுப்பது. உடனே இணையம் வந்துவிடும். சத்தம், கமரா, திரையின் வெளிச்சப் பொத்தான், மூடித் திறந்தால் தூக்கத்தில் இருந்து எழும்புகிறதா என்பதையும் பாருங்கள். பிரின்டரை வீட்டில் இருந்தே செருகிப் பாருங்கள். எச்.பி. பிரின்டர்கள் லினக்ஸில் பெரும்பாலும் சிரமம் தருவதில்லை. சில பழைய லேசர் பிரின்டர்களுக்குத்தான் இழுபடும்.

எனக்கு முக்கியமான சோதனை தமிழ். மூன்று ஓ.எஸ்ஸிலும் யூனிகோட் தமிழ் இன்று நன்றாகத் தெரிகிறது. தட்டச்சில்தான் பழக்கம் வேறுபடும். தமிழ்99 என்ற தட்டச்சுப் பலகை விண்டோஸ் 11இலும் மக்கிலும் உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். மக்கில் அஞ்சல் என்ற ஒலிப்பு முறைப் பலகையும் உண்டு. லினக்ஸில் ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும், அதற்கான எம்17என் தொகுப்பையும் போட வேண்டும். போட்டதும் தமிழ்99, ஒலிப்பு முறை, அதோடு நம் நாட்டுத் தட்டச்சாளர்களின் ரெங்கநாதன் பலகை எல்லாம் கிடைக்கும். ரெங்கநாதனில் பழகிய கை உள்ளவர்களை லினக்ஸ் பக்கம் இழுக்க நான் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான்.

பாமினியை மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் பாடசாலைகள், கோயில் சபைகள், அச்சகங்கள் எல்லாவற்றிலும் பழைய வேர்ட் பைல்கள் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அதைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகச் சிதறும். "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஒருநாள் நிலாவெளியில் இருந்து வந்த தம்பி ஒருவர் தன் அப்பாவின் கோயில் கணக்குப் பைலை மின்டில் திறந்துவிட்டு முகம் வெளிறிப் போனார், பைல் பழுதாகிவிட்டது என்று. நான் பாமினி எழுத்துருப் பைலை இரட்டைச் சொடுக்கிட்டு நிறுவினேன். வேர்ட் பைல்களைத் திறக்கும் லிப்ரே ஒபிஸை மூடித் திறந்ததும் "வரவு செலவு அறிக்கை" என்று தலைப்பு வந்து நின்றது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புது ஓ.எஸ். எதற்குப் போனாலும் எழுத்துருக்களை முதலில் கூடவே எடுத்துப் போங்கள்.

யாருக்கு எது

இங்கே நான் மின்ட்காரன் என்பதை ஒருபக்கம் வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன். கல்யாண அல்பம் செய்பவருக்குப் போட்டோஷொப் வேண்டும். அது விண்டோஸிலும் மக்கிலும்தான் ஓடும். கட்டட வரைபடம் வரையும் ஓட்டோகாட்டும் அப்படித்தான். கடைக் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. வலோரன்ட் போன்ற விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது, ஏமாற்றைத் தடுக்க அவை போடும் மென்பொருள் விடாது. மற்ற விளையாட்டுகளின் நிலைமை விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டனை 2018இல் வால்வ் நிறுவனம் கொண்டு வந்த பிறகு மிகவும் நல்லது.

பள்ளிக்கூட வேலை, இணையம், படம் பார்ப்பது, கடிதம் அடிப்பது, புரோகிராமிங் படிப்பது என்றால் மின்ட் போதும் போதும் என்று இருக்கும். கம்பஸில் கணனி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் லினக்ஸைக் கட்டாயம் பழக வேண்டும் என்பேன். விண்டோஸை விட மனமில்லையென்றால், 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதியை மைக்ரோசொப்ட் தருகிறது. 2001இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசியவர் அதே நிறுவனத்தின் அன்றைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர். பதினைந்து வருடத்தில் எவ்வளவு தூரம்!

மக்கைப் பற்றி: 2020இல் அப்பிளின் சொந்த எம்1 சிப் வந்த பிறகு பட்டரி விசயத்தில் ரீச்சர் அக்காவோடு வாதாட நான் போவதில்லை. விலைதான் எங்கள் பலருக்கும் தடை.

நிறுவுவது

ஒரு வாரம் பென்னில் இருந்து பாவித்துப் பிடித்திருந்தால் நிறுவுங்கள். விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. முதலில் விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட்டுக்குள் போய் 60 ஜிபி அளவில் இடத்தைச் சுருக்கி வெறுமையாக விடுங்கள். பிறகு நிறுவியில் "விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு" என்ற தெரிவை எடுங்கள். லப்டொப் பட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். மேசைக் கணனி என்றால் யூ.பி.எஸ். இல்லாமல் தொட வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் இரண்டு ஓ.எஸ்ஸும் இல்லாமல் நிற்பீர்கள்.

நிறுவிய பிறகு விண்டோஸுக்குத் திரும்பிப் போனால் மணி பிழையாகக் காட்டலாம். கணனிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் நம் ஊர் நேரமாக வாசிக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக வாசிக்கும். இலங்கையில் அந்த இடைவெளி சரியாக ஐந்தரை மணித்தியாலம். கணனி பழுதில்லை. லினக்ஸுக்கு ஊர் நேரத்தையே வைக்கச் சொல்லி ஒரு கட்டளை உண்டு, யாராவது பழைய ஆளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தருவார்.

மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற செயலியை முதல் நாளே திறந்து ஒரு பதிவு எடுத்து வையுங்கள். பிறகு நீங்கள் எதையாவது உடைத்தால் அந்த நாளுக்குத் திரும்பலாம். நிச்சயம் எதையாவது உடைப்பீர்கள், அப்படித்தான் பழக முடியும்.

இனிச் சண்டைக்கு வரலாம்

ஒரு மாதம் முடிந்ததா? சரி, வாருங்கள். சில விசயங்களைக் கவனியுங்கள். "விண்டோஸ் மோசம்" என்று தொடங்காதீர்கள். "என் கணனியில் இந்த வேலைக்கு இத்தனை நேரம் எடுத்தது" என்று தொடங்குங்கள். நாங்கள் சிலசமயம் ஒரே மாதிரி இரண்டு பழைய லப்டொப்களை மதிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே 40 பக்க ஆவணத்தைத் திறந்து, போனில் நேரம் பிடிப்போம். எண் வந்த பிறகு கத்த வேண்டியிருக்காது. தோற்றவர் அன்றைய கடலைக்குக் காசு.

ஆளின் வேலையைக் கேட்காமல் அவர் ஓ.எஸ்ஸை மாற்றப் போகாதீர்கள். அம்மாவின் கணனியில் கேட்காமல் லினக்ஸ் போட்டுவிட்டுப் பெருமைப்படும் தம்பிமார் உண்டு. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் உங்களுக்குத்தான். லினக்ஸ்காரருக்குள்ளேயே நடக்கும் சண்டைகளை, திரைக்குக் கேடிஈயா க்னோமா, டிஸ்ட்ரோவுக்கு ஆர்ச்சா டெபியனா என்பதை, புதியவர்கள் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

ஏன் இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ரீச்சர் அக்காவின் மகள் ஒருமுறை கேட்டாள். நானா கடலைக் காட்டினார். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்துக்கொண்டு போனது. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருள் ஆட்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்யவும் சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். யாரும் எடுத்து மாற்றிப் பாவிக்கலாம் என்று திறந்த மூலமாகவே விட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கேயும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. அதைச் சொல்லும்போது நானா எந்தப் பக்கத்துக்காகவும் பேசுவதில்லை. அண்ணாவும் அன்றைக்குக் குறுக்கே கதைக்கவில்லை.

வரும்போது 32 ஜிபி பென் ஒன்று, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய லப்டொப், புரொசசர் பெயர் எழுதிய கொப்பி, பிட்லொக்கர் சாவி எழுதிய தாள் எல்லாம் கொண்டு வாருங்கள். லப்டொப்பை ஒரு பையில் சுற்றியே எடுத்து வாருங்கள், உப்புக் காற்று யூ.எஸ்.பி. துளையைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைத்துவிடும். பேக்கப் எடுத்தீர்களா என்று நான் முதலில் கேட்பேன். இல்லை என்றால் அன்றைக்கு உங்களுக்குக் கடலையும் ரீயும் மட்டும்தான்.